காஞ்சனபுரிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: கோயில்கள், அருவிகள், ஒரு ரயில்பாதை

பாங்காக் போகிற நம்மவர்களில் பலரும் காஞ்சனபுரியை ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு வேனில் ஏற்றி, க்வாய் ஆற்றுப் பாலத்தில் அரைமணி நேரம், அருவியில் ஒரு மணி நேரம், நடுவில் யாரும் கேட்காத ஒரு கடை என்று காட்டிவிட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்ப இறக்கிவிடும் சுற்றுலாக்கள் நிறைய உண்டு. அதில் போகாதீர்கள். தாய்லாந்தின் மூன்றாவது பெரிய மாகாணம் இது. ஒரு முனையில் நெல்வயல், மறுமுனையில் மியான்மர் எல்லை. நடுவில் சுண்ணாம்பு மலைகள், குகைக் கோயில்கள், ஏழடுக்கு அருவிகள், இரண்டாம் உலகப் போரின் மரண ரயில்பாதை. குறைந்தது மூன்று இரவாவது வேண்டும். ஐந்து இருந்தால் எல்லை வரை போய் வரலாம்.

இடங்களை ஊர்ப்பெயர் வரிசையில் அடுக்காமல், போக வேண்டிய ஒழுங்கிலேயே சொல்கிறேன். காஞ்சனபுரியில் வழி என்பது பெரும்பாலும் ஆறும் தண்டவாளமும்தான். அதைப் பிடித்துக்கொண்டு போனால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

எப்போது போவது

நவம்பர் முதல் ஜனவரி வரை சிறந்த காலம். மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும், அருவிகளில் தண்ணீர் இருக்கும், வெயிலும் தாங்கும். மார்ச், ஏப்ரலில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும், அருவிகள் மெலிந்துவிடும். நம் ஊர் கத்திரி வெயிலைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல, ஆனால் விடுமுறைக்குப் போய் அதையே மறுபடி அனுபவிப்பானேன்? மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை மழை. காடு பச்சைப்பசேல் என்று இருக்கும்; வெள்ளம் வந்தால் அருவியின் மேலடுக்குகளை மூடிவிடுவார்கள்.

எந்த மாதமானாலும் சனி, ஞாயிறு வேண்டாம். பாங்காக் மக்களுக்கு வார இறுதியில் ஓடி வரும் இடம் இதுதான். ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்ப் புத்தாண்டான சொங்க்ரான். ஊரே தண்ணீர் பீய்ச்சி விளையாடும். அது பிடிக்கும் என்றால் சரி, அமைதி தேடி வருகிறவர்கள் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பாலத்தருகே ஒளி, ஒலிக் காட்சியுடன் விழா நடக்கும். அறை வாடகை ஏறும்.

கிளம்பும் முன்

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் எல்லா வெளிநாட்டவரும் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். விமானம் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் டிக்கெட் எடுக்கும் முன் தாய்த் தூதரகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பணத்தை ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கடைகளில் ஓடும் கியூஆர் பணம் பெரும்பாலும் தாய் வங்கிக் கணக்குகளுக்கானது. ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு அட்டையைச் செருகினால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு (தாய் நாணயம்) மேல் கட்டணமே போய்விடும், ஆகவே எடுக்கும்போது மொத்தமாக எடுங்கள்.

ஸ்கூட்டர் ஓட்டும் எண்ணம் இருந்தால் ஊரிலேயே ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். வாடகைக்குக் கொடுப்பவர் அதைக் கேட்காமலே சாவியை நீட்டிவிடுவார். ஆனால் விபத்து என்று வந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் முதலில் கேட்கும். தலைக்கவசம் இல்லாமல் போகாதீர்கள். லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலைகள் இவை.

பாங்காக்கிலிருந்து போவது

தூரம் சுமார் 130 கிலோமீட்டர். இரண்டு வழிகள்.

முதலாவது ரயில். ஆற்றின் மேற்குக் கரையில் சிரிராஜ் மருத்துவமனைக்குப் பக்கத்திலுள்ள தோன்புரி நிலையத்திலிருந்து தினமும் இரண்டு சாதாரண ரயில்கள் கிளம்புகின்றன. ஒன்று காலை எட்டு மணிக்குச் சற்று முன், மற்றொன்று பிற்பகல் இரண்டுக்குச் சற்று முன். பலர் ஹுவா லம்போங் நிலையத்துக்கோ புதிதாகக் கட்டிய பெரிய நிலையத்துக்கோ போய் நின்றுகொண்டு ரயிலைத் தேடுகிறார்கள். டாக்சிக்காரரிடம் தோன்புரி என்று அழுத்திச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்பு மட்டும்தான், வெளிநாட்டவருக்கு 100 பாட். மின்விசிறி, திறந்த ஜன்னல், தின்பண்டம் விற்கும் பெண்கள். முன்பதிவு தேவையில்லை. இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும்.

இரண்டாவது வேன் அல்லது பேருந்து. தெற்குப் பேருந்து நிலையமான சாய் தாய் மாயிலிருந்து அடிக்கடி கிளம்பும். ஏ.சி. உண்டு, நெரிசல் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். பெரிய பெட்டி இருந்தால் வேனில் இடம் சிரமம், சில நேரம் பெட்டிக்கும் ஓர் இருக்கைக்குக் காசு கேட்பார்கள்.

போகும்போது ரயில், திரும்பும்போது வேன் என்பது என் கணக்கு. சனி, ஞாயிறில் மட்டும்தான் முடியும் என்றால், ஹுவா லம்போங்கிலிருந்து விடியற்காலை கிளம்பும் சுற்றுலா ரயில் ஒன்று இருக்கிறது. வழியில் நக்கோன் பதோமில் நிறுத்தி அங்குள்ள மாபெரும் தாது கோபுரத்தை (ஸ்தூபியை) பார்க்க நேரம் தருவார்கள்.

காஞ்சனபுரியில் இரண்டு நிலையங்கள்: ஊர் நிலையம், அதற்கு அடுத்த பால நிலையம். இரண்டுக்கும் நடுவே ஆற்றோரமாகப் போகும் மே நாம் க்வாய் சாலையில்தான் விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. தங்க அங்கேயே எடுங்கள், எல்லாம் நடை தூரம். ஆற்றில் மிதவை அறைகளும் கிடைக்கும். பார்க்க அழகு, ஆனால் வார இறுதி இரவுகளில் கரோக்கி படகுகள் பாட்டை அலறவிட்டபடி பக்கத்திலேயே போகும். தூக்கம் முக்கியம் என்றால் கரையில் உள்ள அறை நல்லது.

முதல் நாள்: ஊருக்குள்

மதியம் இறங்கி, பெட்டியை வைத்துவிட்டு, முதலில் ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் நடந்தால் வரும் டோன் ராக் போர்க் கல்லறைக்குப் போங்கள். 7,000-க்குச் சற்றுக் குறைவான பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகளின் கல்லறைகள் புல்வெளியில் வரிசை பிசகாமல் நிற்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் ரயில்பாதை அருங்காட்சியகத்தை அடுத்து பாருங்கள். நன்றாக விளக்கியிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் பாலத்துக்குப் போனால் அது வெறும் இரும்புப் பாலமாகத்தான் தெரியும்.

சுருக்கமாகக் கதை இது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானிய ராணுவம் 1942-இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் போட்டு முடித்தது. 60,000-க்கு மேற்பட்ட போர்க் கைதிகள் வேலை செய்தார்கள், அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் பல மடங்கு. இரண்டு லட்சம் பேர் என்றும் அதற்கு மேலும் கணக்கு சொல்கிறார்கள், இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது, செத்தவனைப் புதைத்த இடத்தைக் குறித்துவைக்க ஓர் அதிகாரி இருந்தார். தோட்டத் தொழிலாளிக்கு இதில் ஒன்றும் இல்லை. காலரா வந்தபோது முகாம் முகாமாகவே மடிந்தார்கள். அதனால்தான் அந்தப் புல்வெளியில் ஒரு தமிழ்த் தொழிலாளியின் பெயரையும் நீங்கள் பார்க்க முடியாது.

கல்லறைக்கு அருகிலேயே வாட் தாவோன் வராராம் என்ற வியட்நாமிய பாணிக் கோயில் இருக்கிறது. சுற்றுலா வேன் எதுவும் அங்கே நிற்பதில்லை. பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்கள் இந்த வளாகத்தில் உள்ளன. இறந்த தமிழர்களுக்காக இங்கே ஒரு நடுகல் நிறுவப்பட்டிருக்கிறது. தாய்லாந்துத் தமிழர் அமைப்பு முன்னெடுத்த வேலை, தமிழ்நாடு அரசும் நிதி கொடுத்தது. காஞ்சனபுரி வரை வரும் தமிழர்கள் பாலத்தில் செல்ஃபி எடுக்கும் நேரத்தில் பத்து நிமிடத்தை இங்கே செலவிடலாம் என்பது என் கருத்து. உள்ளே சீன எழுத்துகளும் நாகச் சிற்பங்களுமாக நிறையக் கட்டடங்கள் இருக்கும். கைப்பேசியில் நடுகல்லின் படத்தை வைத்துக்கொண்டு காட்டிக் கேட்டால் வழி சொல்வார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு பாலம். தண்டவாளத்தின் மேலேயே நடக்க விடுகிறார்கள். ரயில் வரும்போது ஒதுங்க நடுவே சிறு மேடைகள் உண்டு. வளைந்த இரும்புச் சட்டங்கள் போர்க்காலத்தவை, நடுவில் உள்ள நேர்கோட்டுச் சட்டங்கள் குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் பின்னால் போட்டவை. இன்னொரு வேடிக்கை: போர்க்காலத்தில் இந்த இடத்தில் ஓடிய ஆற்றுக்கு மே க்ளோங் என்றுதான் பெயர். இந்தப் பாலத்தைப் பற்றிய ஒரு படம் உலகப் புகழ் பெற்று, வந்தவர்கள் எல்லாம் க்வாய் ஆற்றுப் பாலம் எங்கே என்று கேட்க ஆரம்பித்த பிறகு, 1960-களில் இந்தப் பகுதி ஆற்றின் பெயரையே க்வாய் யாய் என்று மாற்றினார்கள்.

நேரம் மிச்சமிருந்தால் க்வாய் யாய், க்வாய் நோய் ஆறுகள் இரண்டும் கூடும் இடத்தில் கண்ணாடித் தள நடைமேடை இருக்கிறது. உயரம் பிடித்தவர்களுக்கு. இல்லாவிட்டால் ரயில் நிலையம் பக்கத்து இரவுச் சந்தையில் சாப்பிடப் போய்விடலாம்.

சைவ உணவுக்காரர்கள் என்ன செய்வது

தாய்ச் சமையலில் மீன் சாறு உப்பு மாதிரி. கீரைப் பொரியலிலும் விழும். ஆகவே "காய்கறி மட்டும்" என்று கேட்டால் போதாது. "ஜே" என்று சொல்லுங்கள், இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாத பௌத்த விரதச் சமையல் அது. பூண்டு, வெங்காயமும் அதில் இருக்காது. மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து போட்ட கொடி தொங்கும் கடைகள் ஜே கடைகள். வேறு கடையில் "மை சை நாம் ப்ளா" என்றால் மீன் சாறு போடாதே என்று பொருள், "மை சை கை" என்றால் முட்டை போடாதே. கறுப்பு, வெள்ளை என்று பார்க்கிற கடுமையான சைவர்கள் இரண்டு நாளைக்குத் தேவையான பொடி வகைகளை ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது. சோறு எங்கும் கிடைக்கும். மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இனிப்பு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் நாள்: எராவண் அருவி

ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து காலை எட்டு மணிவாக்கில் 8170 என்ற எண்ணுள்ள பேருந்து கிளம்பும். 65 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், அருவியின் வாசலிலேயே இறக்கிவிடும். அந்த முதல் பேருந்தை விடாதீர்கள். சுற்றுலா வேன்கள் பதினொரு மணிக்கு வந்து குவியும்போது நீங்கள் மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இறங்கியதும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடமே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் நான்கு மணியை ஒட்டி இருக்கும்.

தேசியப் பூங்கா நுழைவு வெளிநாட்டவரான பெரியவர்களுக்கு 300 பாட். தாய் மக்கள் கொடுப்பதைவிடப் பல மடங்கு. வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை.

ஏழு அடுக்குகள். முதல் இரண்டுக்கு நடப்பது சுலபம், குடும்பங்கள் பாய் விரித்து உட்காரும் இடம் அது. அதற்கு மேல் உணவு கொண்டுபோக விடமாட்டார்கள். தண்ணீர்ப் பாட்டிலுக்கு இருபது பாட் வைப்பு வாங்கிக்கொண்டு, திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால் கொடுப்பார்கள். நம் அருவிகளில் இது வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியாது. நான்காம் அடுக்கில் வழவழப்பான பாறைகளில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். ஐந்துக்கு மேல் படிகள் செங்குத்து, வேர்களும் ஈரமும் சேர்ந்து வழுக்கும். ஏழாவது அடுக்கில் பாறை முகப்பு மூன்று தலை ஐராவதத்தைப் போல் இருப்பதாகச் சொல்லித்தான் அருவிக்கே அந்தப் பெயர். எனக்கு யானை உடனே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த தாய்க் குடும்பம் கைநீட்டி ஒவ்வொரு தும்பிக்கையாகக் காட்டியது.

தண்ணீரின் நீலப்பச்சை நிறத்துக்குக் காரணம் கரைந்திருக்கும் சுண்ணாம்பு. குளங்களில் மீன்கள் காலைக் கடிக்கும். பல் இல்லாத கடிதான், ஆனாலும் முதல் கடியில் அலறாதவர் குறைவு. குளிக்க உயிர்காப்புச் சட்டை கட்டாயம், வாடகைக்குக் கிடைக்கும். தாய் மக்களே டி-சட்டையோடுதான் இறங்குவார்கள், அதனால் நம் வீட்டுப் பெண்கள் சுடிதாரோடு இறங்கினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மூன்று விஷயங்கள் கவனம். மேலடுக்குகளைப் பிற்பகலிலேயே மூடுவார்கள், எனவே முதலில் நேராக ஏழுக்கு ஏறிவிட்டு, இறங்கும்போது பிடித்த குளத்தில் நில்லுங்கள். செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ள காலணி போடுங்கள். குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை.

கூட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு ஹுவாய் மே கமின் அருவி இருக்கிறது. எராவணைத் தாண்டி, ஸ்ரீநகரிந்த் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி இன்னும் உள்ளே. அதுவும் ஏழடுக்கு, சில இடங்களில் எராவணைவிட அழகு. நேரடிப் பேருந்து இல்லை, கார் வாடகைக்கு எடுத்தவர்களுக்குத்தான் சரிவரும்.

மூன்றாம் நாள் காலை: வாட் தாம் சுயா

ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், தா முவாங் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு குன்று. அதன் மேல் 18 மீட்டர் உயரத் தங்கநிற புத்தர். பேருந்து கிடையாது, ஸ்கூட்டர் அல்லது பேசி எடுத்த வண்டிதான். 157 படிகள். முடியாதவர்களுக்குப் பழனி விஞ்ச் போல ஒரு சிறு இழுவை வண்டி சொற்பக் கட்டணத்தில் ஓடுகிறது.

புத்தரின் மடிக்கு முன்னால் ஒரு கன்வேயர் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். காணிக்கைக் காசைச் சிறு கிண்ணத்தில் போட்டால் அது நகர்ந்துபோய் மறுமுனையில் பாத்திரத்துக்குள் கணீரென்று விழும். சிரிப்பு வரும், ஆனால் தாய் மக்கள் பக்தியோடுதான் செய்கிறார்கள், நாமும் அப்படியே செய்துவிட்டு நகரலாம். பக்கத்தில் உள்ள செங்கல் நிறக் கோபுரத்தின் மேல்மாடி வரை ஏறினால் மே க்ளோங் ஆறும் வயல்களும் மலைகளும் ஒரே பார்வையில் கிடைக்கும். ஒட்டியே சீன பாணியில் வாட் தாம் காவ் நோய் என்று இன்னொரு கோயில். இரண்டும் தனித்தனி வளாகம், தனித்தனிப் படிக்கட்டு.

"புலிக் கோயில்" என்று யாராவது அழைத்தால் கவனமாகக் கேளுங்கள். தாம் சுயா என்பதற்கும் புலிக் குகை என்றுதான் பொருள், இங்கே உயிருள்ள புலி கிடையாது. புலிகளோடு படம் எடுக்க வைத்த கோயில் இதே மாகாணத்தில் வேறு இடத்தில் இருந்தது. 2016-இல் வனவிலங்குத் துறை அங்கிருந்து 137 புலிகளை அப்புறப்படுத்தியது, அந்தக் காட்சி அத்தோடு முடிந்தது.

குகைக் கோயில்களில் ஆர்வம் இருந்தால் ஊரை ஒட்டி வாட் தாம் காவ் புன் இருக்கிறது. ஆற்றைத் தாண்டி, சுங்காய் போர்க் கல்லறையைக் கடந்து போக வேண்டும். அறை அறையாகப் பிரியும் குகைக்குள் புத்தர்களோடு நம் தெய்வங்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். குனிந்து போகும் இடங்கள் உண்டு, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் வெளியே காத்திருக்கலாம்.

கோயில் நடைமுறை நமக்குப் பாதி தெரிந்ததுதான். செருப்பைக் கழற்றுவது, தோளும் முழங்காலும் மூடிய உடை, வாசற்படியை மிதிக்காமல் தாண்டுவது. தெரியாத பாதி இது: உட்காரும்போது பாதம் புத்தரை நோக்கி நீளக் கூடாது, முழங்காலிட்டு அல்லது காலைப் பின்னால் மடக்கி உட்காருங்கள். பெண்கள் துறவியைத் தொடவோ எதையும் நேரடியாகக் கையில் கொடுக்கவோ கூடாது. அவர் விரிக்கும் துணியின் மேல் வைக்கலாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது சிலருக்கு மனவருத்தம் தரும். அர்ச்சனை, தட்டு, வரிசை எதுவும் இல்லை. மூன்று ஊதுவத்தி, ஒரு மெழுகுவத்தி, ஒரு தாமரை மொட்டு வாங்கி வைத்துக் கும்பிட்டால் முடிந்தது. மெல்லிய தங்கத் தாளும் தருவார்கள், அதைச் சிலையில் ஒட்டுவது வழக்கம்.

ஸ்கூட்டரில் வந்தவர்கள் திரும்பும் வழியில் ராட்சத மரம் ஒன்றைப் பார்க்கலாம். நூறு வயதைத் தாண்டியது, குடைபோல் விரிந்தது என்று அட்டைகளில் போட்டிருப்பார்கள். அருகில் போனால் நம்ம ஊர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரம்தான். அளவு மட்டும் நம்ப முடியாதது.

மூன்றாம் நாள் பகல் அல்லது நான்காம் நாள்: ரயிலில் நாம் டோக் வரை

காலை பத்தரை வாக்கில் காஞ்சனபுரியிலிருந்து நாம் டோக் போகும் ரயில். இது பயணத்தின் உச்சம் என்பேன். போகும்போது இடப்பக்க ஜன்னல். பாலத்தைத் தாண்டி, மரவள்ளியும் கரும்புமாக வயல்கள் போய், தாம் கிராசே என்ற இடத்தில் ரயில் நடைவேகத்துக்கு வந்துவிடும். ஒரு பக்கம் கையை நீட்டினால் உரசும் பாறை, மறுபக்கம் கீழே க்வாய் நோய் ஆறு, நடுவில் மலையோரம் ஒட்டவைத்தாற்போல் மரத்தூண்களின் மேல் தண்டவாளம். தலையை வெளியே நீட்டாதீர்கள். அங்கேயே இறங்கினால் தண்டவாளத்தை ஒட்டிய குகையில் ஒரு புத்தர் இருக்கிறார். அடுத்த ரயில் வரும்வரை மரத்தூண் பாதையில் நடக்கலாம்.

அதற்கு முன் வரும் தா கிலேன் நிலையத்தில் இறங்கினால் நடை தூரத்தில் பிரசாத் முவாங் சிங். கம்போடியாவின் பழைய கெமர் அரசின் மேற்கு எல்லைக் காவல்போல் நிற்கும் செம்புரைக்கல் கோயில். கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் காலத்துப் பாணி, மகாயான பௌத்தம், நடுக் கருவறையில் அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவர். அங்கோர் பார்த்தவர்களுக்கு இது சின்னதாகத் தோன்றும். ஆனால் இங்கே உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள், மரநிழலும் புல்லும் ஆறும் மட்டும். ஒரு ரயிலில் இறங்கி அடுத்ததைப் பிடிக்கும் கணக்கு உதைக்கும் என்பதால், இதற்குத் தனியாக அரைநாள் ஸ்கூட்டரில் போவது மேல்.

இந்தப் பக்கத்து பான் காவ் கிராமத்தைப் பற்றி ஒரு செய்தி. ரயில்பாதையில் வேலை செய்த டச்சுக் கைதிகளில் ஹெக்கெரன் என்ற தொல்லியலாளர் ஒருவர் இருந்தார். மண் வெட்டும்போது கற்காலக் கருவிகள் அவர் கண்ணில் பட்டன. போர் முடிந்து திரும்பி வந்து தேடினார். 1960-களின் தொடக்கத்தில் தாய்-டேனிஷ் குழு அகழ்ந்து புதிய கற்காலக் குடியிருப்பையே வெளியே கொண்டுவந்தது. அங்கே ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது.

நாம் டோக் கடைசி நிலையம். அதற்கு அப்பால் இருந்த தண்டவாளம் போருக்குப் பின் பெயர்க்கப்பட்டுவிட்டது. அங்கிருந்து சாய் யோக் நோய் அருவி நடை தூரம்தான். நெடுஞ்சாலையோரம் இருப்பதால் எப்போதும் கூட்டம், கோடையில் தண்ணீர் நூலாகிவிடும். காலை நனைத்துவிட்டு நகருங்கள்.

அருவி முன்னுள்ள 323-ஆம் நெடுஞ்சாலையில் தோங் பா பூம் பக்கம் போகும் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி, ஹெல்ஃபயர் கணவாய் என்று சொல்லி ஏறுங்கள். பாறை மலையைக் கையுளியும் சம்மட்டியும் வெடியும் வைத்துப் பிளந்து 1943-இல் போட்ட வழி. இரவு வேலைக்கு ஏற்றிய தீப்பந்தங்களின் வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான உருவங்கள் அசைவதைப் பார்த்தவர்கள் நரகத் தீ என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையம் இலவசம், ஒலி வழிகாட்டியும் தருவார்கள். பாறைச் சுவரில் ஒடிந்த உளியின் முனை இன்னும் செருகி நிற்பதைத் தேடிப் பாருங்கள். இறங்கி ஏறப் படிகள் நிறைய, தண்ணீர் கையில் வேண்டும். மாலை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள்.

நாம் டோக்கிலிருந்து திரும்பும் கடைசி ரயில் மாலை மூன்றரை வாக்கில். ரயிலில் வந்து கணவாயையும் பார்த்துவிட்டு அதே ரயிலைப் பிடிப்பது நடக்காது. திரும்பும்போது நெடுஞ்சாலைப் பேருந்து என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஐந்து மணிக்கு மேல் பேருந்து அரிது.

இன்னும் இரண்டு நாள் இருந்தால்: சங்க்லபுரி

ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல், வேனில் நான்கு மணி நேரம், கடைசி ஒரு மணி நேரம் முழுக்க வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

இது மோன் மக்களின் ஊர். பர்மாவிலிருந்து வந்த அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் லுவாங் போ உத்தமா என்ற துறவி, 2006-இல் மறைந்தார். நீர்த்தேக்கத்தின் இரு கரைகளையும் சேர்க்கும் மரப்பாலம் அவர் பெயரில்தான் இருக்கிறது. தாய்லாந்தின் மிக நீளமான மரப்பாலம். 2013 வெள்ளத்தில் நடுப்பகுதி அடித்துக்கொண்டு போய், அடுத்த ஆண்டு திரும்பக் கட்டினார்கள். விடியற்காலை ஆறு மணிக்குப் பாலத்தில் இருங்கள். கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்கள் தலையில் பாத்திரம் சுமந்து போவார்கள். மோன் பக்கத்துக் கரையில் ஆறரை வாக்கில் துறவிகள் பிச்சை ஏற்க வரிசையாக வருவார்கள். சோறும் பூவும் வாங்கி நீங்களும் இடலாம், செருப்பைக் கழற்றிவிட்டு. தட்டு விற்பவர்கள் சிலர் விலையை இரட்டிப்பார்கள், முதலில் விலை கேளுங்கள்.

இந்த நீர்த்தேக்கத்தின் அணையை 1984-இல் கட்டியபோது பழைய ஊரும் உத்தமாவின் பழைய கோயிலும் தண்ணீருக்குள் போயின. படகில் போய்ப் பார்க்கலாம். மழைக்குப் பின் கோபுர நுனி மட்டும் தெரியும், மார்ச், ஏப்ரலில் நீர் இறங்கினால் உள்ளேயே நடக்கலாம். நான் வெயிலைத் திட்டினாலும் இந்த ஒரு இடத்துக்கு மட்டும் கோடைதான் சரி. புதிய கோயிலான வாட் வங் விவேகாராமும், புத்தகயா கோபுரத்தைப் பார்த்துக் கட்டிய தங்கநிறத் தாது கோபுரமும் மேட்டில் இருக்கின்றன. கோபுர வாசலில் மோன், பர்மியக் கடைகள். பயறு, கடலை வறுவல், ஊறிய தேயிலை சாலட் எல்லாம் நாக்குக்கு ஊரை நினைவூட்டும்.

மூன்று பகோடா கணவாய் இன்னும் 20 கிலோமீட்டர் சொச்சம். பெயரைக் கேட்டுப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சாலை நடுவில் சிறிய மூன்று வெள்ளைக் கூம்புகள், சுற்றி மரச்சாமான் கடைகள், அப்பால் மியான்மர் வாயில். வெளிநாட்டவர் எல்லை தாண்ட அனுமதி இல்லை. ஆனாலும் ரயில்பாதை பர்மாவுக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான். சாலையோரம் சிறு துண்டுத் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சங்க்லபுரியிலிருந்து காலை வேனில் ஏறினால் மதியம் காஞ்சனபுரி, அங்கிருந்து மாலைக்குள் பாங்காக். விமானம் அன்றிரவு என்றால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். மலைப்பாதையில் மழை, பாங்காக் நுழைவில் நெரிசல், இரண்டில் ஒன்று நிச்சயம் பிடித்துக்கொள்ளும். கடைசி இரவைப் பாங்காக்கில் போடுங்கள்.